எனக்குப் புரிந்த ஒரு சொல்

குக்கர் விசிலை மட்டும் அம்மா தன் சொந்த மொழியில்தான் எண்ணுவாள். ஏக், துயி, தீன் என்று உதடு அசையும். சத்தம் வெளியே வராது. துவைத்த துணியை எண்ணும்போதும், அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வைக்கும்போதும் ஒண்ணு, ரெண்டு என்று எங்கள் ஊர்க்காரியாகத்தான் எண்ணுவாள். அடுப்புக்கு முன்னால் தனியாக நிற்கிற அந்தச் சில நிமிஷங்களில் மட்டும் அது எப்படியோ மாறிவிடும். யாராவது உள்ளே வந்தால் உதடு நின்றுவிடும். எத்தனை விசில் வந்தது என்று கேட்டால், "மூணு வந்துட்டுது, எறக்கிடலாம்" என்பாள். எங்கள் வீட்டில் அவள் மொழிக்கு மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான். அதை அந்த அளவுக்குச் சுருக்கியவன் நான். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்வதற்காகத்தான்.

அம்மா டார்ஜிலிங் மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நேபாளி பேசுகிற குடும்பம். அப்பா விருத்தாசலத்துக்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து வண்டிகளெல்லாம் நான்கு நாள் அங்கேயே நின்றுவிட்டன. தோட்டத்து ஜனங்கள் சமைத்துக் கொடுத்தார்கள். அப்படிச் சோறு கொண்டுவந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. இரண்டு வருஷம் கழித்து, இரண்டு பக்கத்துச் சொந்தமும் கோபித்துக்கொண்டிருக்க, அப்பா அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். ஜங்ஷனில் வந்து இறங்கியது சித்திரை மாதத்து நடுப்பகல். தன் ஊரைப் பற்றி அவ்வளவு பேசியவர் வெயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அப்பா இருந்தவரை அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். பட்டாளத்தை விட்டு வந்தபின் அப்பா பீங்கான் பட்டறைகளுக்குக் களிமண் ஏற்றிவரும் லாரி ஓட்டினார். அம்மா தெருக் குழாயடியில் தமிழ் கற்றுக்கொண்டாள். அவள் தமிழில் புத்தக வாசனையே இருக்காது. வூடு, தண்ணி, போயிட்டு வரேன் என்று எல்லாம் எங்கள் பக்கத்துப் பேச்சு. கதவுக்குப் பின்னாலிருந்து பேசினால் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள் என்றுதான் நினைப்பார்கள். கதவைத் திறந்ததும் அந்த நினைப்பு போய்விடும்.

நான் அவளை உரித்து வைத்ததுபோலப் பிறந்தேன் என்று தெருவே சொல்லும். சின்னக் கண், அமுங்கிய மூக்கு, மேலெழும்பிய கன்ன எலும்பு. அப்பாவும் அம்மாவும் முதலில் பட்டாளத்து ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள், அவள் தமிழ் கற்றதும் தமிழுக்கு மாறிவிட்டார்கள். அப்பாவுக்கு நேபாளி வரவில்லை. ஆகவே அந்த ஊரில் அம்மாவுக்குத் தன் பேச்சைப் பேச இருந்த ஒரே ஆள் நான்தான். குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், தூங்கவைக்கும்போதும் அந்த மொழியில்தான் பேசுவாள். நானும் அதிலேயே பதில் சொல்வேனாம். இரண்டு மொழிகள் என்றே எனக்குத் தெரியாது. அம்மாவிடம் பேசுவது ஒரு மாதிரி, மற்றவர்களிடம் பேசுவது ஒரு மாதிரி, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனேன். மதிய மணி அடிக்கும் நேரத்தில் அம்மா அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாள். டப்பாவைக் கையில் கொடுத்து, என் தலையைக் கோதிவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடு என்று அவள் மொழியில் சொன்னாள். பின்னால் பையன்கள் நின்றிருந்தார்கள். அன்று மத்தியானம் முழுக்க ஒருவன் மாற்றி ஒருவன் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். "கூர்க்கா புள்ளடா, ராத்திரி இவனும் ரவுண்டு போவான்" என்றார்கள். வாத்தியார் உள்ளே வந்தபோது அடக்கிக்கொண்டார்கள், ஆனால் அவர் முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னேன்.

"இனிமே எங்கிட்ட அந்தப் பேச்சு பேசாத. ஸ்கூலு பக்கமும் வராத."

அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. ஏன் என்று கேட்பாள், திட்டுவாள், அப்பாவிடம் சொல்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். "சரி, பேசல" என்று தமிழில் சொல்லிவிட்டு மறுபடி அரிசியைக் களைந்தாள். அத்தோடு நின்றது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதும், பரீட்சையில் தோற்றபோதும், அப்பா இறந்த அன்றும்கூட என்னிடம் அவள் வாயிலிருந்து நேபாளியில் ஒரு சொல் வரவில்லை. எட்டு வயதுப் பையன் கோபத்தில் சொன்னதை முப்பத்தைந்து வருஷம் காப்பாற்றினாள்.

வளர்ந்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசிவிடுவேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி ஹிந்தியில் "கிதர்?" என்று கேட்பதற்குள் "பெண்ணாடம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று நாலு சீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மீசை அடர்த்தியாக முளைக்காது. முளைத்த நாலு முடியையும் எடுக்காமல் வளர்த்தேன். நான் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கேரியர்களையும் பொம்மைகளையும் விரிசல் பார்த்துப் பிரித்து, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிற பகுதிக்கு நான்தான் பொறுப்பு. வடக்கேயிருந்து ஆட்கள் வேலைக்கு வர ஆரம்பித்தபின் என் பாடு இன்னும் சங்கடமாகிவிட்டது. அதுவரை கூர்க்கா என்றும் சைனாக்காரன் என்றும் நினைத்தவர்கள் இப்போது வடக்கத்தி ஆள் என்றார்கள். டீக்கடையில் புதிதாக வந்த மாஸ்டர் "பையா, சாய்?" என்றார். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரோடு மழை, கரும்பு விலை என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவர் என் தோளைத் தட்டி, "தமிழு ரொம்ப நல்லா கத்துக்கிட்டிருக்கீங்க தம்பி, எத்தினி வருஷமா இங்க இருக்கறீங்க?" என்றார். அன்போடு சொன்னதுதான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாதத்தில்தான் அவன் பட்டறைக்கு வந்தான். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், பேச்சில் தணிவு. நேபாளத்துக் கிழக்கு மலைப் பக்கம். எல்லாரும் பகதூர் என்றார்கள். அது அவன் பெயரல்ல, அந்த முகம் இருந்தால் இங்கே எல்லாருக்கும் அதுதான் பெயர். முதல் நாள் சாமான் இறக்கிவைக்க என் பகுதிக்கு வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தாய், கர் கஹாங்?" என்று கேட்டான். நேபாளியில் தாய் என்றால் அண்ணன். அண்ணா, ஊர் எது என்று கேட்கிறான். முப்பத்தைந்து வருஷம் காதில் விழாத பேச்சு யோசிக்காமலே எனக்குப் புரிந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "எனக்கு ஹிந்தி தெரியாதுப்பா" என்றேன் தமிழில். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அது ஹிந்தி இல்லை என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்துபோயிற்று என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் கடந்து போகும்போது "தாய்" என்று தலையைச் சாய்த்துவிட்டுத்தான் போவான். பட்டறையில் சிரிப்பார்கள். "ஒங்க புள்ள அம்மான்னு கூப்புடுது பாருங்க" என்பார்கள். நான் அவனை என் பகுதிக்கு அனுப்ப வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லி, சூளைப் பக்கம் மாற்றவைத்தேன்.

அடுத்த வருஷம் வடக்கத்தி ஆட்கள் எல்லாரும் அவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் பட்டறையிலேயே தங்கியிருந்தான். களிமண் கொட்டிவைத்திருக்கும் கொட்டகைப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பான். ஒருநாள் காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தான். பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தான். மேனேஜருக்கு போன் செய்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, நான் பின்னால் வருகிறேன் என்றார்.

டாக்டர் இளவயதுப் பெண். பரபரப்பில்லாமல் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிட்டார் என்று தமிழிலும், தெரிந்த கொஞ்சம் ஹிந்தியிலும் கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவனும் ஹிந்தியில் ஏதாவது சொல்லியிருப்பான். அன்று வலியில் அவனுக்குத் தன் மொழி தவிர எதுவும் வரவில்லை. நாக்கும் தடித்ததுபோலக் குழறியது. என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "கேஹிலே டோக்யோ, தாய். டோக்யோ."

மருந்து ஏற்ற வந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "டோக்கியோங்கறாரு மேடம். ஜப்பான்காரரா இவரு?" கேலியாகச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. பிறகு என் முகத்தையும் பார்த்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவருக்குச் சொந்தமா? என்ன சொல்றாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம். நான் இந்த ஊருதான். அவங்க பாஷ எனக்குத் தெரியாது."

டாக்டர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சரி என்று சொல்லிவிட்டு வயிற்று வலிக்கு மருந்து எழுதினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். வழி சொல்லக்கூடிய ஒரே ஆள் கதவருகில் நின்றுகொண்டு தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தச் சொல் தெரியும். சின்ன வயதில் வாசலில் விளையாடும்போது காலில் எறும்பு ஏறிவிட்டால், கமிலாலே டோக்யோ, எறும்பு கடித்துவிட்டது என்று கத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடுவேன். டோக்யோ என்றால் கடித்துவிட்டது. கேஹிலே என்றால் ஏதோ ஒன்று. ஏதோ கடித்துவிட்டது என்று சொல்கிறான். இது எனக்குப் புரிந்த உடனே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. கொசுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சின்ன வயதில் கேட்டது, நான் தப்பாக நினைவு வைத்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். வயிற்று வலிக்கும் கடிக்கும் என்ன சம்பந்தம்? இவையெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், இப்போதுதான் தெரியாது என்று சொன்னேன். இனி உள்ளே போய்ச் சொன்னால் அந்த நர்ஸ் என்னைப் பார்த்து, அப்படியானால் இவரும் அவங்க ஆள்தானா என்று நினைப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துகொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். மருந்தில் தூங்குகிறான் என்று தோன்றியது. இமைகள் மூடிக்கிடந்தன. நான் வந்த சத்தம் கேட்டு அவன் கையை மெல்லத் தூக்கி, விரலால் ஒரு கண்ணின் இமையை மேலே தள்ளிப் பிடித்து அந்த இடுக்கு வழியாக என்னைப் பார்த்தான். இமையைத் தானாகத் திறக்க அவனால் முடியவில்லை. ஒன்றும் பேசவில்லை, பேச முடியவில்லையோ என்னவோ. என்னை மட்டும் பார்த்தான்.

வராந்தாவுக்கு ஓடிவந்து அம்மாவுக்கு போன் செய்தேன். அப்போதுகூட நேராக டாக்டரிடம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. "அம்மா, டோக்யோன்னா என்னா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அவள் மொழியை எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள்.

"கடிச்சுட்டுது. யார, என்னா கடிச்சுது?"

சொன்னேன். அவள் குரல் மாறிவிட்டது. "நீ ஏன் எங்கிட்ட பேசிக்கிட்டு நிக்கிற? போ, போய் டாக்டருகிட்ட சொல்லு. நான் வரேன்."

சொன்னதும் டாக்டர் ஓட்டமாக உள்ளே போனார். இமையைப் பார்த்தார், கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், கையையும் காலையும் விளக்கில் பிடித்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். இடது கை மோதிர விரலின் அடியில் குண்டூசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள். வீக்கம்கூட இல்லை. கட்டுவிரியனாக இருக்கும், தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது, முதலில் வயிற்று வலிதான் வரும் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே விஷமுறிவு மருந்தை ஏற்றவைத்தார். அவசரத்துக்கு நடுவே என்னிடம், இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"எங்க அம்மாகிட்ட கேட்டேன். அம்மா நேபாளிங்க" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. நர்ஸ் அங்கேதான் நின்றார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மருந்து பாட்டில்மேல் இருந்தது.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் கட்டியிருந்த புடவையோடு அப்படியே வந்திருந்தாள். என்னைத் தாண்டி நேராக அவனிடம் போய்க் குனிந்து, காதருகில் ஏதோ சொன்னாள். அவன் கண் திறக்கவில்லை. கை மட்டும் அவள் புடவையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மூச்சு தளர ஆரம்பித்துவிட்டது, புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் யாரையும் கேட்காமல் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். "யாரும்மா நீங்க?" என்று டிரைவர் கேட்டதற்கு, "அவனுக்கு வேண்டியவங்கதான், வண்டிய எடுங்க" என்றாள். நானும் அதிலேயே போனேன். வழியெல்லாம் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனபின் நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்தோம். மருந்து முதலிலேயே ஏறியிருந்தால் மூச்சுக்கு மிஷின் வைக்கவேண்டி வந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் மேனேஜரிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா காதிலும் விழுந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சின்னதுல எறும்பு கடிச்சா நீ அப்படிச் சொல்லிக்கிட்டுத்தான் ஓடியாருவ."

அவ்வளவுதான். அதற்குமேல் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் ஐந்து நாள் மிஷினில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். வார்டுக்கு மாற்றியதும் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து இருவரும் பேசுவதைப் பார்த்தேன். அம்மா அப்படிக் கையை ஆட்டிப் பேசி, வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு நடுவே அடிக்கடி தடைபட்டது. ஏதோ ஒரு சொல்லைத் தேடி நிற்பாள், நெற்றியைச் சுருக்குவாள், கடைசியில் தமிழில் சொல்லிவிடுவாள். அவன் அதைக் கையாலும் கண்ணாலும் ஊகித்து நேபாளியில் எடுத்துக் கொடுப்பான். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். ஒருமுறை அருவி என்ற சொல்லுக்குக்கூட அப்படி நின்றாள். அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் அருவி இருந்தது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுந்து வராந்தாவுக்குப் போனேன். ஒரு மனுஷிக்குத் தன் ஊர் அருவிக்கான சொல்லே மறக்கும் அளவுக்கு நான் அவளை வாய் மூடவைத்திருக்கிறேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுதுன்னு ஒங்க பேச்சுல எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். "மைலே. புஜேகோ. தியே."

உள்ளே போய்க் கட்டிலருகில் நின்று அந்த மூன்று சொற்களையும் சொன்னேன். உச்சரிப்பு சரியாக வந்ததா என்று தெரியவில்லை. அவன் தொண்டையில் குழாய் இருந்த புண் இன்னும் ஆறவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு கரகரத்த குரலில் "தாஹா ச்சா" என்றான். தெரியும் என்று அர்த்தம். அம்மா சொல்லவேண்டிய அவசியம் இல்லாமலே எனக்கு விளங்கியது. பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். வைத்தேன்.

உடம்பு தேறியதும் ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. அங்கேயே சின்னதாக ஏதோ கடை வைத்திருக்கிறான். மாதம் ஒருமுறை அம்மாவுக்கு போன் செய்வான். அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். அவன் உண்மைப் பெயரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே பட்டறையில் இருந்த எனக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. பஸ்ஸில் இப்போதும் ஹிந்தியில் கேட்கிறார்கள். சில நாள் எரிச்சல் வருகிறது, சில நாள் வருவதில்லை. யாராவது நேபாளமா என்று கேட்டால், அம்மா அந்தப் பக்கம், அப்பா விருத்தாசலம் என்று சொல்கிறேன். அவர்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்று முப்பத்தைந்து வருஷம் சண்டை போட்டேன். பாதி சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பாதியைப் பொய் என்று சொல்வதற்காக நான் ஒரு மனுஷன் உயிரை ஒரு மணி நேரம் பணயம் வைத்தேன். இதை எந்தச் சமாதானத்தாலும் மூட எனக்கு விருப்பமில்லை. அம்மாவிடம் வீட்டில் நேபாளியில் பேசச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டாள். இப்போது பேசுகிறாள். நான் தப்பும் தவறுமாகப் பதில் சொல்கிறேன்.

போன வருஷம் அம்மாவை அவள் ஊருக்குக் கூட்டிப்போனேன். அவள் அங்கே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அதுதான் முதல் பயணம். ரயிலில் போகும்போதெல்லாம் ஒரு நினைப்பு: அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லார் முகமும் என் முகமாக இருக்கும். நடந்தது வேறு. ஜீப் நிறுத்தத்தில் டீக்கடைக்காரர் அம்மாவிடம் நேபாளியில் பேசிவிட்டு என்னிடம் ஹிந்தியில் பேசினார். வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைக் காட்டி "மத்ராசி, மத்ராசி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் இல்லையா என்று நினைத்துக்கொண்டே அம்மாவின் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினேன்.

மாமா வீட்டு வாசலில் நின்றிருந்தார். அம்மாவின் தம்பி, எழுபதை நெருங்கியவர். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அவள் தோளுக்கு மேலாக, இன்னும் படி ஏறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் என்னவோ வேகமாகச் சொன்னார். அதில் டிரைவர் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"என்னாம்மா சொல்றாரு?"

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு திண்டில் உட்கார்ந்தாள். "டிரைவரு அப்படியே ஏறி வராருன்னு நெனச்சிட்டானாம். அந்த நெறம், அந்த நெத்தி, காலை அகட்டி வெச்சு நிக்கிறது எல்லாம் ஒங்க அப்பாவாம். எங்க சாயல் ஒண்ணுமே இல்லயாம் ஒனக்கு."

நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னை அப்பா மாதிரி இருக்கிறாய் என்று சொல்கிறார். எங்கள் ஊரில், அப்பாவின் சொந்த அண்ணன் தம்பிகள்கூட அதைச் சொன்னதில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமா ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறி என் கையைப் பிடித்தார்.

"எனக்கு அப்பா ஜாடை இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குது. நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்" என்றாள் அம்மா.